கன்னியாவின் ஏழு கிணறும் இணைய நூலகமும்: பாடசாலை ஆய்வு வேலைக்கு 'நூலகம்' தளம் எவ்வளவு உதவும்?

தரம் 9 பிள்ளைகள் முப்பத்தாறு பேரிடம் "திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால், மறுவாரம் முப்பத்தாறு கொப்பியிலும் ஏறக்குறைய ஒரே கட்டுரைதான் இருக்கும். இணையத்தில் முதலில் அகப்பட்ட பக்கம், அதே வசன ஒழுங்கு, அதே எழுத்துப்பிழை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் கொடுத்தது ஒரு தலைப்பு. தலைப்புக்கு உரிய எல்லாம் ஒரு பக்கத்திலேயே கிடைத்துவிடும். "ஏழு கிணறும் சில அடி இடைவெளியில்தானே இருக்கின்றன, பிறகேன் சூடு ஒன்றுபோல இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதினாலும் அதற்கு விடை முடியாது. அங்கிருந்துதான் பாடசாலை நூலகத்துக்கு வேலை தொடங்குகிறது.

இப்படிக் கேள்வியிலிருந்து தொடங்கும் ஆய்வுக்கு, திருகோணமலை மாவட்டப் பாடசாலை நூலகம் ஒன்றில் 'நூலகம்' இணையத்தளத்தை மூலப் பெட்டியாக வைத்துக்கொண்டால் எது சரிவரும், எது சரிவராது என்பதே இந்த மதிப்பீடு. 2005இல் தொடங்கப்பட்ட தளம் அது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் வரை மின்வருடி வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. வாசிப்பதற்குக் கணக்குத் திறக்கவும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் உண்டாக்கிக் கொடுக்கும் தொல்லை அதனால் வராது.

முதலில் ஓர் ஆவணத்தின் பக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். மேலே ஒரு சிறு அட்டவணை: நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். அதன் கீழே 'வாசிக்க' என்ற பகுதியில் பிடிஎஃப் கோப்பும் அதன் அளவும். அதற்கும் கீழே, பெரும்பாலான பக்கங்களில், 'உள்ளடக்கம்'. தளத்தின் உண்மையான செல்வம் இந்த உள்ளடக்கப் பகுதிதான் என்பது எங்கள் கணிப்பு. ஒரு சாகித்திய விழா மலரில் இருபது கட்டுரை இருந்தால், இருபது தலைப்பும் அங்கே தட்டச்சிடப்பட்டிருக்கும். அட்டையில் கன்னியா என்ற சொல்லே இல்லாத ஒரு மலருக்குள் இருக்கும் கன்னியாக் கட்டுரை அதனால்தான் கைக்கு வருகிறது. அலுமாரியில் இருக்கும் மலரை இப்படித் தேட முடியாது.

ஆனால் தேடுவதற்குச் சொல் தெரிய வேண்டும். தேடற்பெட்டி பார்ப்பது இந்த விபரப் பக்கங்களைத்தான், வருடிய பக்கங்களின் உள்ளே அல்ல. கன்னியாவுக்கே எத்தனை வழி: வெந்நீர் ஊற்று, வெந்நீரூற்று, வெந்நீர்க் கிணறு, சுடுநீர்க் கிணறு. முதலிரண்டும் நமக்கு ஒன்று. கணினிக்கு 'வெந்நீரூற்று' வேறு சொல். புணர்ச்சியில் சேர்ந்த சொல்லைப் பிரித்தும், பிரிந்ததைச் சேர்த்தும் இருமுறை தேடாவிட்டால் பாதி கிடைக்காது. ஊர்ப்பெயரும் அப்படியே: திருகோணமலை, திருக்கோணமலை, திருகோணாமலை, திருமலை. கன்னியாவும் கிண்ணியாவும் வேறு வேறு இடம் என்பது இங்குள்ள பிள்ளைக்குத் தெரியும். வெளியூரில் அச்சான நூலில் இரண்டும் மாறிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பிள்ளையால்தான் முடியும்.

இன்னொரு உதாரணம், இதைவிடச் சிக்கலானது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே ஆட்களையும் வாகனங்களையும் கடத்தியது 'பாதை'. கிழக்கில் மிதவைப் படகுக்குப் பெயரே அதுதான். தேடற்பெட்டியில் 'பாதை' என்று இட்டால் வீதிகளும் வாழ்க்கைப் பாதைகளும் வந்து குவியும். 'துறை', 'படகுச் சேவை', 'கிண்ணியா' என்று வேறு வாசல்களால் போக வேண்டும். ஆகவே தேடலுக்குமுன் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் பத்து நிமிடம் சொற்பட்டியல் எழுதட்டும். குறைந்தது எட்டுச் சொல். வீட்டில் அம்மம்மா அதை என்ன சொல்லுவார், உம்மம்மா என்ன சொல்லுவார் என்று கேட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது.

இனிக் குறைகள். சில ஆவணங்களுக்கு விபரப் பக்கம் மட்டும் இருக்கும், கோப்பு பதிவேற்றப்பட்டிருக்காது. வகுப்பு நடக்கும்போது இதைக் கண்டுபிடித்தால் ஒரு பாடவேளை போய்விடும். கோப்புகள் பக்கங்களின் படங்கள் என்பதால் கனமானவை. சில எம்பியிலிருந்து பல பத்து எம்பி வரை. நூலகத்தில் இருப்பது ஒரு கணினியும் ஆசிரியரின் தொலைபேசி டேட்டாவும் என்றால், ஆறு குழுவும் ஒரே நேரத்தில் தரவிறக்கப் பார்ப்பது நடக்காத காரியம். ஆசிரிய நூலகர் முதல் வாரமே ஐந்து ஆவணங்களைத் தெரிந்து, பென்ட்ரைவில் இறக்கி, ஒவ்வொன்றிலும் உரிய நான்கு பக்கத்தை மட்டும் அச்செடுத்து வைப்பதே வழி. குழுவுக்கு இருபது பக்கம், ஆறு குழுவுக்கு நூற்றிருபது. இருபுறமும் அச்சிட்டால் அறுபது ஏ4 தாள். தலைப்புப் பக்கத்தையும் விபர அட்டவணையையும் சேர்த்து அச்செடுக்க மறந்தால், பிறகு மேற்கோள் காட்டும் நேரத்தில் எந்தத் தாள் எந்த நூல் என்று ஒருவருக்கும் தெரியாது. இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

பழைய எழுத்து இன்னொரு தடை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அச்சகங்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் பழைய அச்சையே பிடித்துக்கொண்டிருந்தன. யானைத் துதிக்கைபோல வளைந்த ணை, லை, ளை, னை. காலே இல்லாமல் உடம்போடு சுழித்த ணா, றா, னா. இன்றைய பிள்ளை இவற்றைக் கண்டதில்லை. 'மலை' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். வாசிக்கத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டுச் சொல்லாமலும் இருப்பார்கள். ஏழு எழுத்தையும் பழையது, புதியது என்று எதிரெதிரே எழுதிய ஒரு சிறு அட்டையை மேசைக்கொன்றாக வைத்தால் பத்து நிமிடத்தில் தீரும் பிரச்சினை இது. ணொ, றோ, னோ போன்றவை அந்த ணா, றா, னாவைக் கொண்டே விளங்கிவிடும்.

சில ஆவணங்களுக்கு 'எழுத்துணரியாக்கம்' என்றொரு இணைப்பும் உண்டு. வருடிய படத்தைக் கணினி வாசித்து எழுத்தாக்கித் தந்த வடிவம். பெரியவர்களுக்குச் சொல் தேட உதவும். பிள்ளைகளிடம் அதைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரகரமும் காலும் மாறும், பழைய எழுத்துகள் சிதையும், இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் வரிகள் பின்னிக்கொள்ளும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: படமாக இருக்கும் பக்கத்தைப் பிரதிசெய்து ஒட்ட முடியாது. பிள்ளை வாசித்துத்தான் ஆகவேண்டும், கையால் குறிப்பெடுத்துத்தான் ஆகவேண்டும். தளத்தின் தொழில்நுட்பக் குறை என்று சிலர் சொல்லும் இது, எழுத்துப் பயிற்சிக்கு வாய்த்த பெரிய வசதி.

கேள்வியை உண்டாக்கும் வேலைக்குத் தளம் உதவாது. அது முதலே நடந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ரைட் குவெஸ்ஷன் இன்ஸ்டிடியூட் உருவாக்கிய கேள்வியாக்க முறை நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும். ஆசிரியர் கேள்வி கேட்கக் கூடாது. ஒரு படமோ ஒரு கூற்றோ மட்டும் வைக்க வேண்டும். ஏழு கிணறும் தெரியும் புகைப்படம் ஒன்று போதும். பிறகு நான்கு விதி: முடிந்தவரை நிறையக் கேள்வி கேட்க வேண்டும், நடுவில் நின்று விவாதிக்கவோ தீர்ப்புச் சொல்லவோ விடை சொல்லவோ கூடாது, சொன்னபடியே எழுத வேண்டும், கூற்றாக வந்தால் கேள்வியாக மாற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு குழு பதினைந்து கேள்வி வரை எழுதிவிடும். பின்னர் ஒரு சொல்லில் விடை வருபவை எவை, விளக்கம் தேவைப்படுபவை எவை என்று பிரித்து, ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்த்து, மூன்றைத் தெரிய வேண்டும். இரண்டாவது விதியை அதிகம் மீறுபவர் ஆசிரியர்தான். "நல்ல கேள்வி!" என்று ஒருவரைப் பாராட்டிய மறுகணம் மற்றப் பிள்ளைகள் அதே மாதிரிக் கேள்விகளையே கேட்கத் தொடங்குவார்கள்.

அடுத்த இரண்டு பாடவேளை தேடிப் பார்ப்பதற்கு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் குல்தாவ் மாணவர் தகவல் தேடும் வழியை ஆறு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: தொடங்கல், தெரிதல், தேடிப் பார்த்தல், குவியம் காணல் (எதைப் பற்றி எழுதுவது என்று முடிவுக்கு வருதல்), சேகரித்தல், முன்வைத்தல். அவர் கண்டறிந்தவற்றில் வகுப்பறைக்கு மிக வேண்டியது, மூன்றாம் கட்டத்தில் பிள்ளையின் குழப்பம் கூடும், நம்பிக்கை குறையும் என்பதே. ஒரு மலர் ஒன்று சொல்லும், பாடநூல் வேறு சொல்லும். "சேர், எங்கட கேள்வியை மாத்தட்டா?" என்று கேட்கும் நேரம் இது. மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். குவியம் காணுமுன் குறிப்பெடுக்க விட்டால் எல்லாவற்றையும் எழுதிக் கொப்பியை நிரப்புவார்கள், பிறகு கட்டுரையும் எல்லாவற்றையும் பற்றியதாகவே இருக்கும். 2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டத்தோடு வந்த 'ஐந்து ஈ' என்ற ஐந்து கட்டக் கற்பித்தல் முறையிலும் கண்டறிதல் என்ற கட்டம் இருக்கிறது. நடைமுறையில் அதுதான் முதலில் சுருங்கிப் போவது. நாட்காட்டியில் இந்த இரண்டு பாடவேளையையும் முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் கிடைக்காது.

குறிப்புக்கு ஏ4 தாளை நான்காக வெட்டிய துண்டு போதும். ஒரு துண்டில் ஒரு செய்தி. மேல் மூலையில் மூலத்தின் எண், கீழ் மூலையில் பக்க எண். இங்கே ஒரு பொறி உண்டு: பிடிஎஃப் கோப்பு காட்டும் பக்க எண்ணும் நூலில் அச்சான பக்க எண்ணும் ஒன்றல்ல. அட்டை, முன்னுரை, வாழ்த்துச் செய்திகள் எல்லாம் கோப்பில் எண்ணப்படும். மலர்களில் வாழ்த்துச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. அச்சான எண்ணையே எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, மலரின் விபர அட்டவணையில் இருப்பது தொகுப்பாசிரியர் பெயராக இருக்கலாம். கட்டுரையை எழுதியவர் பெயர் கட்டுரையின் தலையிலோ அடியிலோ இருக்கும். மேற்கோளில் இரண்டு பெயரும் வர வேண்டும்: கட்டுரையாளர், கட்டுரைத் தலைப்பு, மலரின் பெயர், தொகுத்தவர், ஆண்டு, பக்கம், நூலக எண்.

மலர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது பிரதேச வரலாறு பெருமளவு மலர்களில்தான் இருக்கிறது. ஒரு செய்தியை மூன்று மலர் சொன்னால் மூன்று சான்று என்று பிள்ளை எண்ணும். மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வசனங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் பிந்தியது முந்தியதைப் பார்த்து எழுதியது, சான்று ஒன்றுதான். இதைத் தாமாகக் கண்டுபிடித்த குழு அதன்பின் எந்தப் பக்கத்தையும் அப்படியே நம்பாது. ஐந்து ஆவணங்களைத் தெரியும்போது இப்படி ஒன்றையொன்று பார்த்தெழுதிய இரண்டையாவது வேண்டுமென்றே சேர்த்து வையுங்கள்.

எழுதும் கட்டத்தில் தமிழே கைகொடுக்கும். தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், நீர் சுரந்தது என்பது ஊரறிந்த கதை. அதே இடத்தைப் பற்றி முஸ்லிம்களும் சிங்களவரும் சொல்லும் வேறு கதைகளும் உண்டு. இவற்றைக் கட்டுரையிலிருந்து நீக்கச் சொல்வது பிழை. நடந்ததாக எழுதவிடுவதும் பிழை. கதை சொல்லும்போது பிள்ளை இயல்பாகவே "குத்தினானாம், தண்ணி வந்ததாம்" என்றுதான் சொல்லும். அந்த 'ஆம்' என்பதன் வேலை என்ன என்று கேளுங்கள். "நான் பார்க்கேல்ல, கேட்டது" என்பார்கள். எழுத்து நடையில் அதற்குரியவை 'என்பது ஐதீகம்', 'என்பர்', 'என்று இன்ன நூல் கூறுகிறது'. தாங்களே அளந்ததற்கு 'அளந்தோம்', 'பதிவாகியது'. ஒவ்வொரு வசனத்தின் வினைமுற்றுக்கும் கீழே கோடிட்டு, இது கேட்டதா, வாசித்ததா, கண்டதா என்று ஓரத்தில் கே, வா, கண் என்று குறிக்க வைத்தால் ஒரு பாடவேளையிலேயே கட்டுரையின் எலும்பு தெரிந்துவிடும். ஓரத்தில் ஒன்றும் எழுத முடியாத வசனம் எங்கிருந்தோ ஒட்டப்பட்ட வசனம்.

கேள்வியின் மற்றப் பாதி தளத்தில் இல்லை, கன்னியாவில் இருக்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர், அனுராதபுரம் வீதிப் பக்கம். தொல்பொருள் இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குளிக்க வருவோர் கூடுமுன் விடியற்காலை போவது நல்லது. ஆய்வுகூடத்து 0 முதல் 100 பாகை வரையான வெப்பமானி ஆறு எடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு முடிந்துவிடும், உதவாது. புறப்படுமுன் ஆறையும் ஒரே வாளி நீரில் ஐந்து நிமிடம் வைத்து வாசிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் அது கருவியின் வித்தியாசம். அதைக் கழிக்காமல் போனால் கிணறுகளின் வித்தியாசம் என்று எழுதிவிடுவார்கள். கிணற்றில் நூலில் கட்டி 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து, குமிழ் நீருக்குள் இருக்கும்போதே வாசிக்க வேண்டும். வெளியே தூக்கிப் பார்த்தால் ஈரம் ஆவியாகி வாசிப்பு இறங்கிவிடும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஆறு குழுவும் ஏழு கிணற்றையும் ஒவ்வொரு முறை அளந்தால் 42 வாசிப்பு. நேரத்தையும், அப்போது யாராவது வாளியால் நீர் அள்ளிக்கொண்டிருந்தார்களா என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் வாசிப்பதற்கு ஒரு புவியியல் மூலம் தேவை. மலர்கள் இதில் உதவா. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது. எரிமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலே வரும் வழியில் மேல்மட்டக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துச் சூடு மாறலாம். இந்த 'மாறலாம்' என்பதைப் பிள்ளை 'மாறுகிறது' என்று எழுதினால் திருத்த வேண்டும். 42 வாசிப்பு வித்தியாசம் இருப்பதைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

மற்ற மூலங்களோடு ஒப்பிட்டால்: தமிழ் விக்கிப்பீடியா முதலிரண்டு பாடவேளைக்கு நல்லது, அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம், ஆனால் பிரதிசெய்து ஒட்டும் ஆசையை அது தூண்டும். அரச பாடநூல்கள் எல்லோர் கையிலும் உள்ளன. சொல் விளக்கத்துக்கும் பின்னணிக்கும் போதும். துறைமுகம், 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டுவீசிய சம்பவம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் போன்ற தலைப்புகளுக்கு ஆங்கில மூலங்களும் சேர்ந்தால்தான் சரிவரும். கோயில், கூத்து, ஊர்ப்பெயர், பாடசாலை வரலாறு, மீன்பிடி, வயல் என்றால் 'நூலகம்' தளத்துக்கு ஈடாக இன்னொன்றை எங்களால் சொல்ல முடியாது. தரம் 6, 7 பிள்ளைகளை நேரடியாகத் தளத்தில் விட வேண்டாம். அச்செடுத்த பக்கங்களே போதும். தரம் 9க்கு மேலே தேடவும் விடலாம். உயர்தர மாணவருக்குத் தயக்கமில்லாமல் சிபாரிசு செய்வோம். புள்ளி கேட்டால் மூலங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, தேடுவதற்கு மூன்று, மெதுவான இணைப்பில் பாவிப்பதற்கு இரண்டு.

ஆறு கட்டுரையும் திருத்தி முடிந்ததும் பிரிஸ்டல் போர்டில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டு, தவணை முடிவில் கழற்றி எறிவதுதான் வழக்கம். அதைவிட, அளவீட்டு அட்டவணையோடு சேர்த்து ஒன்றாகத் தைத்து, திகதியும் வகுப்பும் எழுதி, நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தும் டூயி தசமப் பகுப்பில் வெந்நீரூற்றுகளுக்குரிய 551.23 என்ற எண்ணை முதுகில் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, அலுமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு தரம் 9 கன்னியாவுக்குப் போகும்போது ஆறாவது ஆவணமாக அதுவும் மேசைக்கு வரும். முதல் வேலையாக அவர்கள் அதில் பிழை தேடுவார்கள்.